கண்டனூர் முற்றத்து உழவாரன்களும் ஒரு நைலான் வலையும்

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் முற்றத்துக்கு மேலே நைலான் வலையை இழுத்துக் கட்டி, கூடுகளில் குஞ்சுகளோடு இருந்த உழவாரக் குருவிகளின் வழியை அடைத்துவிட்டார்கள். பந்தல்காரர்களைக் கேட்டால், புறா வராமல் இருக்கத்தான் கட்டினோம் என்கிறார்கள். அந்த முற்றத்தில் புறா கிடையாது. இருபத்து மூன்று வருடம் பார்த்தவன் சொல்கிறேன், ஒரு புறாகூடக் கிடையாது. செய்தது தவறு. பயண விவரம் மட்டும் போதும் என்பவர்களும் இதைப் படித்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

காரைக்குடிப் பக்கம் பறவை பார்க்க எங்கே போவது என்று நாலைந்து வாசகர்கள் கேட்டிருந்தார்கள். விடுதியில் கேட்டால் காரில் ஏற்றி வேட்டங்குடி சரணாலயத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல இடம்தான், போய்வாருங்கள். ஆனால் கார் இருப்பவனுக்கு மட்டும்தான் பறவை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நான் காரைக்குடி–கண்டனூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். எனக்குத் தெரிந்த பறவையெல்லாம் படிக்கட்டில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவை. ஓய்வு பெற்று மதுரைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதே தடத்தில் ஒரு நாள் பயணியாகப் போய், உங்களுக்காக நேரமும் தூரமும் குறித்துக்கொண்டு வரலாம் என்று இந்தத் தை மாதக் கடைசியில் கிளம்பினேன்.

முந்தின நாள் மாலையே காரைக்குடி வந்து அறை எடுத்தேன். ஏ.சி. இல்லாத அறை எழுநூறு ரூபாய். காலை 5.40 வண்டியில் ஏறினேன். கோட்டையூர் ஆறு கிலோமீட்டர், பத்து ரூபாய். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினால் கண்மாய்க்கரை. 6.05க்குக் கரை ஏறிவிட்டேன். வெயில் முதுகில் விழும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாப் பறவையும் காக்கை மாதிரிதான் தெரியும். இரண்டு மணி நேரத்தில் நாமக்கோழி நூற்றுக்கு மேல், முக்குளிப்பான் பதினொன்று, நத்தைக்குத்தி நாரை ஆறு, பாம்புத்தாரா ஒன்று, அரிவாள்மூக்கன் ஒரு கூட்டம். பனைகளுக்கு மேலே பனை உழவாரன்கள்.

அந்தக் காலத்தில் இந்த இடம் வந்ததும், நான் கேட்காமலே டிரைவர் சவரிமுத்து இரண்டாவது கியருக்கு வந்துவிடுவார். நான் பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு எண்ணுவேன். பின்சீட்டிலிருந்து யாராவது, “என்ன டிரைவரு, வண்டி நத்தையா நகருது?” என்பார்கள். “கண்டக்டரு கொக்குக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கிறாரு, செத்த இருங்க” என்பார் சவரிமுத்து. எண்ணி முடித்து நான் ஒரு விசில் கொடுத்த பிறகுதான் மூன்றாவது கியர். சவரிமுத்து இறந்து நாலு வருடமாகிறது. இந்த முறை கரையில் நின்று பார்த்தேன். எட்டு மணிக்குள் மூன்று வண்டிகள் போயின. ஒன்றும் மெதுவாகப் போகவில்லை.

8.20 வண்டியில் புதுவயல் வழியாகக் கண்டனூர். அங்கே வண்டி பதினைந்து நிமிடம் நிற்கும். நிற்குமிடத்துக்கு எதிரே இருப்பதுதான் நான் சொல்கிற வீடு. ஒரு நடைக்கு ஒரு செம்பு தண்ணீர் அங்கேதான் குடிப்பேன். இரண்டாம் முற்றத்தைச் சுற்றி ஓட்டு இறவாரத்துக்கு அடியில், வைக்கோலையும் இறகையும் எச்சிலால் ஒட்டிக் கட்டிய கூடுகள். கடைசியாக எண்ணியபோது நாற்பத்தொன்று. புத்தகத்தில் நாட்டு உழவாரன் என்று பெயர் போட்டிருப்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரைக்கும் எனக்கும் சவரிமுத்துவுக்கும் அது ‘பிரேக் இல்லாத குருவி’. கிளையில் உட்காராது, கம்பியில் உட்காராது, கூட்டுக்குள் நுழைகிறவரை பறந்துகொண்டே இருக்கும்.

வாசலுக்குப் போனால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மாள் கையில் எதையோ துணியில் பொதிந்துகொண்டு வந்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்த அதே பாண்டியம்மாள்தான்.

“வாங்கண்ணே, எப்ப வந்தீக? இதப் பாருங்க, கால் ஒடிஞ்சு போச்சு. நிக்கவே மாட்டேங்குது. நேத்துலருந்து இது நாலாவது.”

“ஒடியலைத்தா. அதுக்கு நிக்கத் தெரியாது. தரையில விழுந்துச்சுன்னா எந்திரிக்கிறது கஷ்டம்.”

“அய்யய்ய, மூணுக்கும் மஞ்சப் பத்துப் போட்டுக் கூடையில கவுத்து வச்சிருக்கேனே.”

நாலையும் தெருவுக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேலே உயர்த்தினேன். கொஞ்ச நேரம் கனமில்லாமல் கிடந்தன. பிறகு கை காலியாகிவிட்டது. கழுவிவிட்டும் ஒன்று மஞ்சள் காலோடுதான் போயிற்று.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். முற்றம் முழுக்க வலை. கட்டும்போது உள்ளே மாட்டிக்கொண்டவைதான் அந்த நாலும். கட்டி இரண்டு நாள். கூடுகளுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. தாய்ப்பறவைகள் வலைக்கு மேலே. உழவாரக் குஞ்சு ஓரிரு நாள் பசி தாங்கும் என்று படித்திருக்கிறேன். அந்த ஓரிரு நாள் அன்றோடு முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சென்னையிலிருந்து வந்திருந்த மணப்பெண்ணின் ஆச்சி, பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைக்க முற்றத்துத் தாழ்வாரப் பத்தியைக் கழுவிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, இந்த வலையை அவுக்கணும்.”

“வெள்ளியும் எவர்சில்வரும் பரப்புற இடம் கண்டக்டரு. எச்சம் விழுந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக என்ன சொல்லுவாக?”

“எச்சம் கூட்டுக்கு நேர் கீழதான் விழும். ஓரத்துல ஒரு முழம் விட்டுப் பரப்புங்க.”

“ஒங்க வீட்டுக் கல்யாணம்னா ஒரு முழம் விடுவீகளா?”

“எங்க வீட்டுல ஒரு முழத்துக்குள்ளேயே பரப்பி முடிச்சிட்டோம்.”

ஆச்சி சிரித்துவிட்டார். “நான் மாட்டேன்னா சொல்றேன்? இது ஒம்பது புள்ளி வீடு. ஒரு ஓடு மாத்தணும்னாலும் ஒம்பது பேரும் சரின்னு சொல்லணும். ரெண்டு புள்ளி மலேசியாவுல இருக்காக.”

வெளியூர் வாசகர்களுக்கு: ஒரே வீட்டில் பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. அவரவர் அறையும் அதற்கு முன்னால் உள்ள பத்தியும் அவரவருக்கு, மற்றதெல்லாம் பொது.

“கட்டும்போது ஒம்பது பேரும் சரின்னாகளா?” என்று கேட்டேன்.

பாண்டியம்மாள்தான் பதில் சொன்னார். “யாரு கேட்டா? பந்தக்காரவுக கொண்டாந்தாக, கட்டுனாக. ஒவ்வொருத்தரும் மத்தவுக சொல்லித்தான் கட்டுறாகன்னு நெனச்சிக்கிட்டாக.”

ஆச்சி போனை எடுத்தார். மதியம் ஒரு மணிக்குள் ஆறு பேரிடம் பேசிவிட்டார். ஆறு பேரும் கட்டச் சொல்லவில்லை. அவிழ்க்கலாமா என்றால் ஆறு பேரும், மற்றவர்கள் சொன்னால் எனக்கும் சரி என்றார்கள். இலை போட்டிருக்கிறது, சாப்பிட வாருங்கள் என்று ஆச்சி கூப்பிட்டார். அதுகளுக்கு வழி கிடைக்கட்டும், சாப்பிடுகிறேன் என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மதியம் கீழச்சிவல்பட்டிக்குப் போவதாக இருந்தேன். போகவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுதமாட்டேன்.

நாலு மணி இருக்கும். ஆச்சி தம் அறை வாசலில் வந்து நின்று மேலே பார்த்தார்.

“இந்தத் தூண்லருந்து அந்தத் தூண் வரைக்கும் எங்க பத்தி. அப்ப இதுக்கு மேல உள்ள வலையும் எங்க பங்குதானே?”

“வானத்துக்கெல்லாமா பங்கு, ஆச்சி?” என்றார் பாண்டியம்மாள்.

“ஓட்டுக்கு இருக்குல்ல? நீ போய்த் துறட்டியக் கொண்டா. இங்குட்டு உள்ள கொக்கிய மட்டும் எடு. அடுத்தவுக தூணத் தொட்டுறாத.”

பாண்டியம்மாள் துறட்டியை நீட்டி ஏழு கொக்கிகளை எடுத்தார். ஒன்பது அடி அகலத்துக்கு வலை மடிந்து தொங்கியது. அதற்குமேல் ஒரு கொக்கியைக்கூட ஆச்சி விடவில்லை. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

6.05க்கு மேலே கூட்டம் சேர்ந்தது. கீச்சிட்டுக்கொண்டு சுற்றின, தாழ்ந்தன, வலைக்கு ஒரு சாண் மேலே வந்து விலகின. இரண்டு நாளில் அதைக் கற்றுக்கொண்டிருந்தன. 6.22க்கு ஒன்று அந்த ஒன்பது அடிக்குள் விழுந்தது. ஆம், விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நேரே ஆச்சி தலைக்கு மேலே திரும்பித் தெற்குக் கூட்டுக்குள் போயிற்று. உள்ளே சத்தம் ஒரு மாதிரி மாறியது. பிறகு இன்னொன்று, இரண்டு சேர்ந்து, மறுபடி ஒன்று. படிக்கட்டில் ஆள் ஏறுவதை எண்ணிப் பழகியவன். இருட்டுவதற்குள் பதினேழு. மற்றவை சுற்றிவிட்டு எங்கோ போய்விட்டன. ஆச்சி சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளித் தாமே கோடு போட்டார்.

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன். மறுநாள் விடியற்காலையிலும் போனேன். வடக்குப் பத்தியில் குஞ்சுச் சத்தம் குறைந்திருந்தது.

இனிச் செய்ய வேண்டியவை. பறவை பார்க்க வருகிறவர்கள் இந்த மாதம் வீட்டுக்குள் விடச் சொல்லிக் கேட்க வேண்டாம், மாலை 5.50க்குத் தெருவில் நின்றாலே தலைக்கு மேல் பார்க்கலாம், காரைக்குடிக்குத் திரும்ப ஏழு மணிக்கு வண்டி உண்டு. தண்ணீர் கொண்டுபோங்கள். டவுன் பஸ் டிரைவர்கள் கண்மாய்க்கரையில் ஒரு கியர் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். பந்தல்காரர்கள் வலை கட்டுவதற்கு முந்தின மாலை முற்றத்தில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்க்க வேண்டும். பாண்டியம்மாள் மஞ்சள் அரைக்க வேண்டாம். தெருவுக்கு எடுத்துப்போய்க் கையை விரித்தால் போதும். மீதி எட்டுப் புள்ளிக்காரர்கள், மலேசியாவில் இருப்பவர்கள் உட்பட, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் பாண்டியம்மாளுக்கு ஆளுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். துறட்டி அங்கேதான் இருக்கிறது. அவரவர் தூணுக்கு மேலே உள்ளதை அவரவர் அவிழ்க்கச் சொல்ல வேண்டும், வடக்குப் பத்திக்காரர் முதலில்.