எப்போதும் திறந்திருக்கும் கதவு

மூன்றாவது காபியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, 'ஒரு நாளைக்கு ஒரு காபி போதும்' என்ற சுவரொட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார் நலம் சார். கல்லூரியில் அவர் பதவி மாணவர் நல அலுவலர். பிள்ளைகள் வாயில் அது சுருங்கி ஏழு வருடமாகிறது. 'படியேறுங்கள், உடம்புக்கு நல்லது' என்று எழுதி வைத்த மகராசன், முதல் மாடியிலிருக்கும் தன் அறைக்குப் போக லிஃப்டுக்காக ஐந்து நிமிடம் காத்து நிற்பார். யாராவது பார்த்துவிட்டால், "எனக்கு முட்டி வலிப்பா" என்பார். மற்றவர்களுக்கெல்லாம் முட்டியே கிடையாது போலிருக்கிறது.

புதுப் பருவம் தொடங்கிவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. முதலாண்டுப் பிள்ளைகளை அரங்கத்தில் உட்காரவைத்து, எட்டு மணி நேரம் தூங்கு, தண்ணீர் குடி, செல்போனைத் தள்ளி வை என்று ஒரு மணி நேரம் முழங்குவார். நடுவில் அவருடைய செல்போன் மூன்று முறை அடிக்கும். மூன்று முறையும் எடுத்துப் பேசுவார். கடைசியில் குரல் தழுதழுக்கும். "பிள்ளைங்களா, என் ரூம் கதவு எப்பவும் திறந்தே இருக்கும். எப்ப வேணா வாங்க, மனசு விட்டுப் பேசுங்க."

கதவு திறந்துதான் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு அது. அடியில் ஒரு கட்டுத் தாளை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். முதல் வாரத்தில் புதுப்பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த நலப் படிவங்கள். தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா, பேச யாராவது இருக்கிறார்களா? 'அனைவரும் நிரப்பினர்' என்று முதல்வருக்கு அறிக்கை போனதோடு அவற்றின் ஜோலி முடிந்தது.

அறை பெருக்க வரும் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "சார், பிள்ளைங்க பக்கம் பக்கமா எழுதியிருக்குங்களே, படிக்க வேணாமா?"

"எல்லாம் ஒரே பாட்டும்மா. தூக்கம் வரல, பசிக்கல, வீட்டு ஞாபகம். ரெண்டு வாரத்துல தானா சரியாயிடும்."

ஒரு தாளைக்கூடப் புரட்டாமல் இவ்வளவும் தெரிந்துகொள்ள எங்கே படித்தாரோ! கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வெள்ளிக்கிழமை முதலாண்டுப் பெண் ஒருத்தி தோளில் துணிமணி அடைத்த பையோடு வாசலில் வந்து நின்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"சார், ராத்திரியில கண்ணே மூட முடியலன்னு ஃபார்ம்ல எழுதியிருந்தேன். யார்கிட்டயாவது பேசணும், இல்லன்னா படிப்ப விட்டுட்டு வீட்டுக்கே போயிடுவேன்னும் எழுதினேன். கூப்பிடுவீங்கன்னு பத்து நாளா பாத்துட்டிருந்தேன்."

நலம் சார் தலையைத் தூக்கவில்லை. 'பேசுங்கள், கேட்கிறோம்' என்ற புதுச் சுவரொட்டிக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா ஃபார்மும் பத்திரமா இருக்கும்மா. ஒவ்வொண்ணா பாத்துட்டுதான் இருக்கேன். உன் முறை வரும்."

கதவடியில் தாள்கள் சரசரத்தன. பிறகு கதவு டமாலென்று சாத்திக்கொண்டது. பச்சைக் கோடு கோணிப்போனதில் அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "யாரது கதவ சாத்தினது? தொறந்தே இருக்கணும்னு எத்தன வாட்டி சொல்றது!"

எழுந்து போய்த் திறந்தார். கட்டு பிரிந்து தாள்கள் வாசலெல்லாம் சிதறிக் கிடந்தன. அந்தப் பெண் தன்னுடைய ஒரு தாளை மட்டும் உருவிக்கொண்டு, பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் போகிறாளே, எழுதி வைத்ததற்குப் பலன் இருக்கிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

அவள் தலை மறைந்ததும், சிதறிய தாள்களைக் குனியாமல் காலாலேயே கூட்டிச் சேர்த்தார். அந்த வாரம் வந்த இரண்டாமாண்டுப் படிவங்களையும் மேசையிலிருந்து எடுத்து, நான்காக மடித்து அவற்றோடு வைத்து, செருப்பு முனையால் கதவுக்கு அடியில் நன்றாகச் செருகினார்.