கொங்காணி போட்ட திருடன்

பிள்ளைகளா, நான் வேலை பார்க்கும் ஓமன் நாட்டில் தொழுகை நேரம் வந்தால் எங்கள் முதலாளி கடையைப் பூட்டமாட்டார். வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். குழாய், மோட்டார் எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கும். ஆறு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் போனில் நம் குடவாசல் வீட்டைப் பார்ப்பேன். ஒருநாள் முதலாளி எட்டிப் பார்த்து அரைகுறை இந்தியில் கேட்டார், "சினிமாவா?" "இல்லை, என் வீடு." "உள்ளே யார்?" "யாருமில்லை." "பிறகு எதைப் பார்க்கிறாய்?" "திருடன்" என்றேன். அவர் போனை வாங்கி, திருடன் எங்கே என்று வெகுநேரம் தேடினார்.

உங்கள் படிப்புக்காக அம்மாவோடு நீங்கள் தஞ்சாவூருக்குப் போனபின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தெருவில் பூட்டியிருந்த வீட்டை உடைத்து, பித்தளை அண்டா வரைக்கும் தூக்கிப்போனார்கள். பயந்துபோய்த்தான் கேட்டில் ஒன்றும் முற்றத்தில் ஒன்றுமாகக் கேமரா வைத்தேன். அங்கே ஆள் நடமாடினால் என் போன் அதிரும்; இங்கிருந்து பேசினால் அங்கே சத்தமாகக் கேட்கும்.

போன தை மாதம். நம் நிலத்துக் குத்தகை நெல் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மதியம் போன் அதிர்ந்தது. முற்றத்தில் ஒரு ஆள். தலையிலிருந்து முதுகு வரை சாக்கு, முகம் தெரியவில்லை. குவியலோரம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், எவன்டா அது? திருட்டுப்பயலே, போலீஸ் வருது, ஓடுடா!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆள் நிமிர்ந்தார். நம் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் பெரியப்பா.

"நான்தான் தம்பி. மழை வருது."

குவியலை மூடி, நாலு பக்கமும் செங்கல் வைத்தார். கடைசிச் செங்கல் வைக்கும்போதே மழை இறங்கிவிட்டது. அதன்பிறகுதான் தன் நெல்லை மூட ஓடினார்.

யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் அதுதான் கொங்காணி. அதைப் போட்டுக்கொண்டு மழையில் நானும் நாற்றுப் பறித்தவன்தான். மழையே பார்க்காத ஊரில் இருந்து இருந்து, சாக்கைப் பார்த்ததும் எனக்கு மழை ஞாபகம் வரவில்லை. முகத்தை மறைத்திருக்கிறான் என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் உங்கள் அம்மா போனில் சொன்னாள். "அவங்க நெல்லு பாதி நனைஞ்சுபோச்சுங்க. நம்மளுத மூடிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

மூன்று நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் பெரியம்மா எடுத்தார். "திருடன் வீட்லதான் இருக்காரு. குடுக்கவா?" பின்னால் பெரியப்பா சிரிப்பது கேட்டது. மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். "விடு தம்பி. அந்தச் சாக்கைப் போட்டா என்னை நானே நம்பமாட்டேன்."

சிரித்துவிட்டார். ஆனால் முன்பெல்லாம் கேட்டைத் தள்ளிக்கொண்டு சொந்த வீடுபோல வருவார். இப்போது கேமராவுக்குக் கீழே நின்று, தலைத்துண்டை அவிழ்த்து, முகத்தை மேலே தூக்கிக் காட்டுகிறார்.

"தம்பி, ஆரோக்கியம். உள்ள வரலாமா?"

"நீங்க பாட்டுக்கு வாங்கண்ணே, கேட்கவே வேணாம்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். மறுநாளும் நின்று கேட்கிறார். நான் இங்கே பூட்டாத கடையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று "வாங்கண்ணே" என்கிறேன். ஆளில்லாத நம் வீட்டுச் சுவரிலிருந்து என் குரல் வரும்வரை அவர் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறார்.