ஹெலிகாப்டருக்குப் பொட்டு

தண்ணீரில் ஊறிய பொம்மை விமானத்தின் எண் ஸ்டிக்கர் காகிதத்தை விட்டு வழுக்கி விரலில் ஒட்டியது. அவ்வளவுதான், சின்ன வயசில் இருந்த நகரி வீட்டுக்கே நினைவில் போய்விட்டேன்!

குவைத்திலிருந்து லீவில் வந்த அப்பா, என் நைனா, பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் வாங்கி வந்திருந்தார். அவர் கிளம்புவதற்குள் நாங்கள் இருவரும் அதை முடித்தாக வேண்டும். கடைசி நாள் காலையில் பைலட் இருக்கைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடியின் சட்டங்களுக்குப் பச்சை பூசி, ஸ்டிக்கர் ஒட்டிக் காயவைத்தோம். திரும்பி வந்து பார்த்தால், கண்ணாடி நடுவில் மஞ்சளும் குங்குமமும்! துடைத்தும் கறை போகவில்லை.

"ஏம்மா இப்டி பண்ண? பைலட்டுக்கு வழி எப்டித் தெரியும்?" என்று அழுதேன்.

"புது வண்டிய பொட்டு வெக்காம எடுப்பாங்களாடி?" என்றாள் அம்மா.

நைனா குனிந்து நெற்றியைக் காட்டினார். "அழுவாத கண்ணு. நானும் இன்னிக்கிப் பறக்கப் போறேன். எனக்கும் வெச்சி அனுப்பு."

வைத்தேன். குங்குமத்தோடு என் விரலிலிருந்த பச்சைப் பெயிண்டும் அப்பிக்கொண்டது. அதைத் துடைக்காமலே பஸ் ஏறினார்.