மழையில் மலையேறும் புர்கி

முதல் தூறல் விழுந்ததும் மலையிலிருந்து சைக்கிள்கள் சரசரவென்று இறங்கிவிடும். ரோப் கார் நிலையத்துக் கூரையின் கீழ் தலைக்கவசமும் முழங்கால் கவசமும் சேறுமாக ஒரு கூட்டம் ஒண்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துத்தான் புர்கி மேலே ஏறுவாள். ஒரு கையில் ஆண்கள் குடை, தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டவளைப் போல ஒரு நடை.

"மழை விட்டதும் போகலாமே அக்கா?" என்று கூரைக்கடியிலிருந்து மூனிக் நகரத்துத் தாடிக்காரர் ஒருவர் கேட்பார்.

"விட்டதுக்கப்புறம் போனா தண்ணி வீடு போய்ச் சேர்ந்திருக்கும். இருக்கறப்பவே போனாத்தானே எந்த வழியா வந்தேன்னு அதுகிட்ட கேக்க முடியும்?"

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நோட்புர்கா. ஐம்பத்திரண்டு வயது. உச்சியிலிருந்து எங்கள் ஊர் தேவாலயத்து மதில் வரை வளைந்து வளைந்து இறங்கும் சைக்கிள் பாதைகள் ஐந்தும் அவள் மண்வெட்டியில் பிறந்தவை. அதற்கு முன் இதே சரிவுகளில் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மருமகள் கடிப்பாள் என்பதெல்லாம் அப்போதே மனப்பாடம்.

மண்ணை முகர்ந்தே அது எந்த வளைவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை என் செருப்பில் ஒட்டியிருந்ததைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, முந்தின நாள் மாலை நான் எந்த மரத்தடியில், யாரோடு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னாள். மரத்தடியை மண் சொல்லியிருக்கும். 'யாரோடு' என்பதை ஊர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது வீட்டோடு இருக்கும் ஒரு மைத்துனனைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவாள். "அது சோம்பேறி. சுலபமா ஒரு வழி கெடைச்சா அதுலயே போயிடும். அதுக்குப் புத்தி சொல்லக்கூடாது. கதவத் தொறந்து விட்டுட்டுப் பேசாம இருக்கணும்." பாதை கட்டி முடிந்ததும் ஒரே ஒரு தடவை அவளே ஓட்டிப் பார்ப்பாள். பாவாடையைச் செருகிக்கொண்டு, வளைவுக்கு வளைவு "ஹோய், ஹோய்" என்று சைக்கிளைப் பசு மாட்டைப் போல அதட்டிக்கொண்டு இறங்குவாள். அந்தச் சத்தத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பால் திரிந்துபோனதாகச் சொல்வார்கள். நான் சொல்லவில்லை.

இத்தனை கெட்டிக்காரிக்கும் சிம்ம சொப்பனமாக ஒருவன் இருந்தான் என்றால் அது செராஃபின். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சு. இப்போது பதினான்கு பசுக்களும் ஒரு மேய்ச்சல் நிலமும் உள்ள மனிதன். புர்கியின் ஆக நீளமான பாதை அவன் நிலத்தின் தலைமாட்டில் ஒரு பெரிய வளைவெடுத்துத் திரும்புகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஓடைப் பள்ளம். அந்த வளைவை விட்டால் கீழே இறங்க வேறு வழி கிடையாது. மூன்று வாரம் கல் சுமந்து, கிண்ணத்தின் விளிம்பு மாதிரி தூக்கிக் கட்டியிருந்தாள். தான் கட்டியதிலேயே அவளுக்குப் பிடித்த வளைவு அது.

அதற்கு நேர் கீழேதான் செராஃபினின் ஊற்றும், அதிலிருந்து குழாய் வழியாக நிரம்பும், மரத்தைக் குடைந்து செய்த தண்ணீர்த் தொட்டியும். போன கோடையில் ஒவ்வொரு மழைக்கும் வளைவுச் சேறு இறங்கித் தொட்டித் தண்ணீர் காப்பியாக மாறியது. அவனுடைய மூத்த பசு கிரெட்டல் ஒரு தரம் எட்டிப் பார்க்கும், மூக்கைத் திருப்பிக்கொள்ளும், பிறகு நாள் முழுக்கச் சம்பந்தி முறுக்கோடு நிற்கும். மற்ற பதின்மூன்றும் அவளைப் பார்த்து அப்படியே. மாடு குடிக்காவிட்டால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் பாலாடைக்கட்டி இல்லை.

ஜூன் மாதம் மாடுகளை மேலே ஓட்டி வந்த அன்றே செராஃபின் சொல்லிவிட்டான். "இந்த வருஷமும் சேறு வந்துச்சுன்னா வேலி போட்டுடுவேன் புர்கி. உன் பாதை பாதி மலையோட நின்னுக்கும்."

"அப்புறம் சைக்கிள்காரங்க எப்படிடா கீழ வருவாங்க?"

"பறந்து வரட்டும். விளம்பரத்துல பறக்கற மாதிரிதானே படம் போட்டிருக்கீங்க?"

சொன்னதோடு விடவில்லை. அடிப்பகுதியில் சிவப்புச் சேவல் வரைந்த பீங்கான் தட்டு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்து தொட்டியின் அடியில் வைத்தான். முதல் பெருமழையின்போது சேவல் தெரிந்தால் பாதை இருக்கும். தெரியாவிட்டால் வேலி. வேலிக் கம்பங்களைச் சீவி, கண்ணில் படும்படி அடுக்கியும் வைத்தான்.

புர்கி வளைவைச் சுற்றி முன்பே மூன்று வாய்க்கால்கள் வெட்டியிருந்தாள். நான்காவதையும் வெட்டினாள். குடையைப் பிடித்துக்கொண்டு தூறலில் எல்லாம் போய் நின்றாள். தண்ணீர் நான்கையும் தாண்டிக் குதித்து ஊற்றுப் பக்கம் போனது. "நான் பேசறது அதுக்குப் புரியல, அது பேசறது எனக்குப் புரியல," என்று எங்கள் வீட்டுக்கு வந்து சூப்பைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் சூப்பை வேண்டாமென்று நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

விடை வெயிலில் கிடைத்தது. மழையில் மட்டுமே பாதையைப் பார்த்துப் பழகியவள், ஒரு மத்தியானம் களைத்துப்போய் அந்த வளைவின் ஓரத்தில் கறுப்பு ரொட்டியும் பன்றி இறைச்சித் துண்டுமாக உட்கார்ந்தாள். சைக்கிள்கள் இறங்கின. ஒவ்வொன்றும் வளைவுக்குப் பத்தடி முன்னால் 'கிரீச்' என்றது. கிழவன், குமரி, கைதேர்ந்தவன், கத்துக்குட்டி, எல்லோருக்கும் அதே இடம், அதே கிரீச். எழுந்து போய்ப் பார்த்தாள். பிரேக் பிடித்துப் பிடித்துத் தரை இட்லித் தட்டு மாதிரி குழி குழியாகக் கிடந்தது. மழைத் தண்ணீர் அந்தக் குழிகளில் தங்கி, மண்ணைக் கரைத்து, நிரம்பியதும் கரையை உடைத்துக்கொண்டு ஊற்றுக்குப் போகிறது.

"தப்பு தண்ணி மேல இல்லடா," என்று செராஃபினிடம் ஓடினாள். "மனுஷன் பயப்படற எடத்துல பள்ளம் விழுது."

"சரி, பயப்படாதேன்னு பலகை எழுதி வை."

"பலகைய எவன் படிக்கறான்? பயப்படவே தோணாம பண்ணணும்."

அடுத்த இரண்டு வாரம் வாய்க்கால்களைத் தூர்த்தாள். குழிகளைக் கொத்தி நிரவினாள். வளைவுக்கு முன்னால் பாதையையே படுத்திருக்கும் மாட்டின் உயரத்துக்கு ஒரு மேடாகத் தூக்கினாள். இறங்கி வருகிற சைக்கிள் அந்த மேட்டில் ஏறும்போது தானாகவே வேகம் குறைந்துவிடும். பிரேக்கின் மேல் விரல் போகாது. மூன்று வாரம் ஆயிரம் சைக்கிள்கள் ஏறி இறங்கின, ஒரு கிரீச் இல்லை. ஆனால் மழையும் இல்லை. புர்கிக்குத் தூக்கமும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் வானம் திறந்துகொண்டது. தவளைகள் குடை கேட்ட மழை என்றால் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம். புர்கி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கையை விடுவேனா? தொட்டியருகில் செராஃபின் நின்றிருந்தான். இரண்டு பேரும் ஒரே குடைக்குள், ஆளுக்கொரு தோள் நனைய, தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்கள்.

கால்மணி நேரம் சேவல் ஜம்மென்று நின்றது. பிறகு ஊற்றுக் குழாயிலிருந்து பழுப்பாக ஓர் இழை வந்தது. வாலை மறைத்தது. வயிற்றை மறைத்தது. செராஃபின் கம்ப அடுக்கைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

புர்கிதான் முதலில் தலையை நிமிர்த்தினாள். "மேல பாருடா! யாரு நிக்கறான்னு பாரு!"

ஊற்றுக் கண்ணிலேயே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு கிரெட்டல் நின்றிருந்தாள், மழைக்கு ஒதுங்க அவளுக்கு ஊற்றின் மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறைதான் அகப்பட்டது போல. செராஃபின் ஓடிப்போய் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டி அவளை இழுத்துவந்தான். மழை இன்னும் வலுத்தது. பழுப்பு இழை மெலிந்தது, அறுந்தது. முதலில் கொண்டை தெரிந்தது, அப்புறம் அலகு, கடைசியில் வாலும்.

"தெரியுது," என்று முணுமுணுத்தான் செராஃபின்.

"மழை சத்தத்துல காதுல விழல."

"தெரியுதுடி! சேவல் தெரியுது! போதுமா?"

"அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்டிருக்காது, இன்னொரு வாட்டி சொல்லு."

கிரெட்டல் தொட்டியில் மூக்கை வைத்து, ஒரு நீண்ட உறிஞ்சு உறிஞ்சினாள்.

மழை விட்டதும் செராஃபின் குடிசையிலிருந்து மலைச்செடி வேரில் வடித்த சாராயமும் மூன்று குட்டிக் கண்ணாடிக் குவளைகளும் கொண்டுவந்தான். புர்கி பாதியைக் குடித்துவிட்டு, குவளையோடு வளைவுக்கு ஏறிப் போனாள். "எங்கடி போற, உக்காந்து குடியேன்!" என்று அவன் கத்தினான். அவள் திரும்பவில்லை. மேட்டின் உச்சியில் குந்தி உட்கார்ந்து, மீதிச் சாராயத்தை மண்ணில் மெல்லச் சாய்த்தாள். பிறகு கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள்.