வெடியுப்புச் சாக்கு

எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் வாசலில் அந்தச் சாக்கை அவிழ்த்தபோதெல்லாம் நாங்கள் பார்த்தது உள்ளே இருந்த சோளத்தட்டையை மட்டும்தான். சாக்கை யார் பார்த்தார்கள்? சிவகாசிப் பக்கம் வீட்டுக்கு வீடு அது கிடக்கும். பட்டாசு ஆலையில் வெடியுப்பைக் கொட்டியபின் மிஞ்சும் காலிச் சாக்கில்தான் விறகும் பருத்தியும் வீடு வந்து சேரும்.

பயோடீசல் என்று பத்திரிகைகளெல்லாம் கொண்டாடிய காலம் அது. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அக்கா சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்காரர். ஈஸ்ட்டுக்குள் வேறொரு மரபணுவைச் செருகி, சோளத்தட்டைச் சாற்றின் சர்க்கரையை எண்ணெயாக்க வைப்பது அவருடைய வேலை. அதில் வண்டி ஓடும் என்பது பேராசிரியரின் கனவு. அக்காவின் கணக்கு வேறு. எண்ணெய் வந்தால் ஒரு கம்பெனியில் வேலை உறுதி. வேலை கிடைத்த அன்றே, பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையிலிருந்து அம்மாவை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அந்த அம்மாதான் எங்களுக்குத் தட்டை கட்டி வருவார். "சாப்பிட்டீகளா?" என்று எங்களை விசாரித்துவிட்டு, மகளிடம் "இன்னும் எம்புட்டு நாளாகும் தாயி?" என்பார்.

வைகாசியில் முதல் சாற்றை ஊற்றினோம்; எண்ணெய் வரவே இல்லை. சர்க்கரை ஏராளமாக இருந்து நைட்ரஜன் கிடைக்காமல் போனால்தான் ஈஸ்ட் கொழுப்பைச் சேர்க்கும். நைட்ரஜன் கிடைத்துவிட்டால் பெருகிக்கொண்டே போகும். எங்களுடையது பெருகியது. மரபணு ஏறவில்லை என்று பேராசிரியர் திட்ட, அக்கா ஆவணி வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் சலித்துப்போய்க் கடைச் சீனியைக் கரைத்து ஊற்றினோம். எண்ணெய் வந்தது. ஆக, கோளாறு சாற்றில். அப்போதுதான் சாக்கைப் பார்த்தோம். உதறியதும் வெள்ளைத் தூள் கொட்டியது. வெடியுப்பில் நைட்ரஜன் இருக்கிறது. எங்கள் ஈஸ்ட் அதைத் தின்றுதான் பெருகியிருக்கிறது.

"நல்லா உதறித்தான தாயி கொண்டாந்தேன்," என்ற அம்மாவின் முகம் வாடிப்போனது. "புதுச் சாக்குல கட்டித் தாறேன். நீ வெசனப்படாத."

சொன்னபடியே கட்டி வந்தார். அந்தச் சாற்றை ஈஸ்ட்டுக்கு ஊற்றிய வாரத்தில், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஆலையில் மருந்து அறை வெடித்தது. அடையாளம் காட்டப் போன அக்காவுடன் நானும் போனேன். அங்கே பார்த்ததை எழுத இன்றும் எனக்குத் தைரியமில்லை.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் சர்க்கரை, மூடி முத்திரையிட்ட டப்பாவில் வருகிறது. எண்ணெயும் பிசகாமல் வருகிறது. அதைக் கண்டு ஒருநாளும் சந்தோஷப்பட முடிந்ததில்லை. அம்மாவின் காரியம் முடிந்து அக்கா ஆய்வகத்துக்கு வந்த அன்று, மைக்ரோஸ்கோப்பை நான்தான் சரிசெய்து கொடுத்தேன். புதுச் சாக்குத் தட்டையின் சாற்றில் வளர்ந்த ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எண்ணெய்த் துளி திரண்டு நின்றது. அக்கா வெகுநேரம் பார்த்தார். அழவில்லை.

"வைகாசியிலேயே வந்திருக்கணும் இது," என்றார்.