வெங்காய லொறியும் அம்மாவின் ஜெபமும்

சபையில் எழுந்து பேச எனக்கு வராது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் வாய் தானாக ஓடும். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஆண்டவர் செய்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டிருப்பது நன்றாயில்லை. களைத்துப்போனவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் களைத்துத்தான் இருக்கிறேன்.

1986ஆம் ஆண்டு, பங்குனி மாதம். ஆனையிறவில் ஆமிக்காரர் குடாநாட்டை விட்டுப் போகும் பாதையை மூடிவிட்டார்கள். கொழும்புக்குப் போகும் லொறிகள் இயக்கச்சி வரைக்கும் வரிசையாக நின்றன. அதில் ஒன்றில் நான் இருந்தேன். பின்னால் மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். எனக்கு இருபத்தொரு வயது. சாரதியாக நான் புறப்பட்ட முதற் பயணம் அது. இப்படியே செத்துப்போனாலும் பரவாயில்லை என்று இருந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். நான் ஏ.எல். சோதனையை இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் பாஸ். இரண்டு தரமும் கம்பஸில் இடம் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பாஸ் பண்ணுவது ஒன்று, வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது வேறொன்று. மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை பேருக்கும் என் புள்ளிகள் மனப்பாடம். அப்பா இல்லாத வீடு. அம்மா சின்ன வகுப்பு ரீச்சர். ரீச்சரின் மகன் மூன்றாம் தரமும் எழுதுவான் என்று எல்லாரிடமும் சொல்லி, நல்லூரில் ரியூசனுக்கு இடமும் பிடித்து வைத்திருந்தார்.

எனக்கோ புத்தகத்தைத் திறந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் சிநேகிதர் அரியாலை வேலுப்பிள்ளை அண்ணையிடம் ஒரு லொறி இருந்தது. அவரோடு திரிந்து ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டேன். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. "தம்பி, நீ ஓட்டு. நான் பக்கத்தில இருக்கிறன்" என்று கேட்டார்.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். லொறிக்குப் போனால் நேரத்துக்குச் சாப்பாடில்லை, நித்திரையில்லை, பென்சன் இல்லை. வவுனியா தாண்டினால் உயிருக்கே உத்தரவாதமில்லை. பெண் பிள்ளை வைத்திருக்கிறவன் எனக்கு வீட்டுப் படலையைத் திறக்கமாட்டான். மறுபக்கம் என்ன? மூன்றாம் தரம். அதுவும் சரிவராவிட்டால் நாலாம் தரம். இடையில் அரசாங்கக் கிளாக் வேலைக்கான சோதனை. எந்நேரமும் ஒழுங்கையில், "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்கிற வாய்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் பின்வேலியால் போய்வந்த காலம் அது.

அம்மாவுக்குச் சொன்னபோது அவர் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் எண்டு சும்மாவே சொன்னவை? நீ றோட்டு றோட்டா வெங்காயம் காவப் போறன் எண்டு நிக்கிறாய்."

"அம்மா, அரசாங்கத்தில கோழி மேய்க்கவும் இப்ப சோதனை வைக்கினம். அதிலயும் நான் பாஸ் பண்ணிப்போட்டு வெளியிலதான் நிப்பன்."

அம்மா சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் மாலை ஜெபம் தவறாது. அந்த நாட்களில் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு, இரண்டு பேரும் மனதுக்குள் ஜெபித்தோம். வாய்விட்டு ஜெபித்தால் சண்டை வந்துவிடும். நான் கேட்டது இதுதான்: ஆண்டவரே, இந்தத் தொழில் உமக்குப் பிரியமில்லையென்றால் வழியை அடைத்துவிடும். நாங்கள் விசுவாசிகள் எல்லாரும் அப்படித்தான் கேட்போம். கல்யாணமோ காணியோ, அடைபட்டால் அவர் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழும்பிப் போவோம். வழி ஒன்றும் அடைபடவில்லை. வெங்காயம் ஏற்றியாயிற்று. புறப்பட்டேன். அம்மா படலைக்கு வரவில்லை.

ஆனையிறவுக்குக் கிட்டப் போனதும் ஆண்டவர் அடைத்தே விட்டார். இதைவிடத் தெளிவாக எந்த மனிதனுக்குப் பதில் வந்திருக்கும்? சோதனையிலும் பெயில், லொறியிலும் பெயில் என்று நினைத்தேன்.

வரிசை அசையவில்லை. வெயில் தகரத்தைச் சுட்டது. நாள் போகப் போகப் பின்னாலிருந்து புழுங்கிய மணம் வரத் தொடங்கியது. வேலுப்பிள்ளை அண்ணை சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "வெங்காயத்துக்கு மூச்சு முட்டுது, இறக்குவம்" என்றார். மூட்டைகளை இறக்கி, மர நிழலில் லொறியை மூடும் படங்கை விரித்துக் கொட்டி, காற்றுப்படப் பிரட்டினோம். அழுகியதைப் பொறுக்கி எறிந்தோம். எல்லா லொறிக்காரரும் அதையே செய்தார்கள்.

"அண்ணை, நான் இதோட விடுறன். ஆண்டவர் வேண்டாம் எண்டிட்டார்" என்றேன்.

அவர் நெற்றியில் வியர்வையோடு திருநீறு கரைந்து கிடந்தது. "விடுறதெண்டாலும் முதல் உந்தப் பக்கத்தைப் பிரட்டிப்போட்டு விடு" என்றார்.

அப்படிப் பிரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியிலிருந்து அம்மா இறங்கினார். திரும்பிப்போன ஒரு லொறிக்காரர் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். பளை வரைக்கும் பஸ், அதற்குப் பிறகு உழவு இயந்திரம். கையில் ஓலைப் பை, அதற்குள் புட்டுப் பார்சல். களைத்துப்போயிருந்தாலும் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

"வா வீட்டை போவம். ஆண்டவர் சொல்லிப்போட்டார்" என்றார்.

"ஓம் அம்மா. பிரியமில்லையெண்டால் வழியை அடையும் எண்டு நானே கேட்டனான்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நானும் அதைத்தானே கேட்டனான். இவன்ரை வழியை அடைச்சு விடும் எண்டு."

எங்களுக்கு அடுத்த லொறியின் சில்லோடு சாய்ந்து அச்சுவேலிப் பக்கத்து ஆள் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். அவருடைய மூட்டைகளிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"அவர் ஏன் அழுறார்?" என்று அம்மா கேட்டார்.

"அவரின்ரை ஊரின்ரை முழு விளைச்சலும் அதிலதான் கிடக்கு ரீச்சர்" என்றார் வேலுப்பிள்ளை அண்ணை. "என்ன முகத்தோட திரும்பிப் போறது?"

அம்மா வரிசையைப் பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் திரும்பியும் பார்த்தார். இரண்டு பக்கமும் முடிவு தெரியவில்லை. படங்கு படங்காக வெங்காயம், குனிந்து பிரட்டுகிற முதுகுகள். பிறகு வகுப்பில் பிள்ளையிடம் கணக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"தம்பி, உன்னை ஒருத்தனை மறிக்கிறதுக்கு அவர் இவ்வளவு பேரின்ரை வழியையும் அடைப்பாரே?"

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு படங்கில் இருந்து அழுகல் பொறுக்கத் தொடங்கினார். எங்களுடையது முடிய அச்சுவேலிக்காரரின் படங்குக்குப் போனார்.

மத்தியானம் புட்டுப் பார்சலை அவிழ்த்தபோது ஜெபம் பண்ண வேண்டும் என்றார். அக்கம்பக்கத்து லொறிக்காரர்களும் வந்து நின்றார்கள். எல்லோரும் சைவ சமயக்காரர். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அம்மா வாய்விட்டு ஜெபித்தார்.

"ஆண்டவரே, நாங்கள் தாயும் மகனும் தெரியாமல் கேட்டிட்டம். அதைத் தள்ளி விடும். இஞ்சை நிக்கிற எல்லாரின்ரை லொறியும் போகவேணும். என்ரை மகன்ரை லொறியும் போகவேணும்."

என்ரை மகன்ரை லொறி. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். வெங்காயம் பக்கத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அன்று பின்னேரம் முன்னால் வெகுதூரத்தில் ஒரு லொறி இரையும் சத்தம் கேட்டது. பிறகு அதற்கு அடுத்தது. ஏன் மூடினார்கள், ஏன் திறந்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் கர்த்தரைத் துதித்தேன், வேலுப்பிள்ளை அண்ணை பிள்ளையாரைக் கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: எங்களுடையதில் கொஞ்சமும் அச்சுவேலிக்காரருடையதில் பாதியும் அழுகித்தான் போயிற்று. மிச்சத்தை எல்லாருமாக ஏற்றினோம்.

நான் ஏறி இருந்ததும் அம்மா கதவடியில் வந்து நின்றார். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்காமல் எந்த வாகனமும் போகாது என்பது அவருக்குத் தெரியும். "முறிகண்டியில எல்லாரும் இறங்குவினம். நீ கும்பிடாட்டியும் இறங்கி அவையளோட நில். தனிய உள்ளுக்கை இருந்து மூஞ்சியை நீட்டாதை" என்றார். அதுதான் அம்மா எனக்குத் தந்த உத்தரவு.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் அம்மா போதகரிடம் போய், படிக்கிற பிள்ளைகளுக்கான ஜெபத்தில் என் பெயரை வாசிக்க வேண்டாம், பிரயாணம் செய்வோருக்கான ஜெபத்தில் வாசியுங்கள் என்று சொன்னாராம். அப்படி வாசித்ததும் சபை வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் எல்லாம் திரும்பினவாம். அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு நான் பின்வேலியால் போகவில்லை. என்ன செய்யிறீர் என்று கேட்டவர்களுக்கு, லொறி ஓடுறன் என்றேன். ஒருவர் படலையையும் திறந்தார். அவருடைய மகள்தான் இன்று முன்வாங்கில் இருந்து, சுருக்கமாகப் பேசும்படி எனக்குக் கண் காட்டுகிறாள்.

கம்பஸ் கிடைக்காத பிள்ளைகளே, உங்களுக்கு லொறிதான் வழி என்று நான் சொல்ல வரவில்லை. அது உடம்பைத் தின்கிற தொழில். ஆனால் எதைக் கேட்டாலும், வழியை அடையும் என்று கேட்காதீர்கள். அந்த வழியில் உங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நிற்பார்கள். திறவும், எல்லாருக்குமாகத் திறவும் என்று கேளுங்கள். அவர் கேட்கிறார். நான் கண்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு அந்தப் பாதை முழுதாக மூடப்பட்டது. வருடங்கள் போய்விட்டன, இன்னும் திறக்கவில்லை. டீசலும் இல்லை. வேலுப்பிள்ளை அண்ணையின் லொறி அரியாலையில் வேப்பமரத்தின் கீழ் நிற்கிறது. நான் மண்ணெண்ணெயில் ஒரு உழவு இயந்திரத்தை உருட்டிக்கொண்டு விறகு ஏற்றுகிறேன். சில நாட்களில் ஜெபிக்கவும் அலுப்பாக இருக்கிறது. ஆனால் அம்மா இன்னும் ஞாயிறு தோறும் என் பெயரைப் பிரயாணம் செய்வோரோடுதான் சொல்கிறார். எங்கேயும் போகாதவனுக்கு ஏன் அந்த ஜெபம் என்று போன கிழமை கேட்டேன்.

"வரிசையில நிக்கிறவனும் பிரயாணிதான் தம்பி" என்றார்.