செருப்பைக் கழற்றியும் வந்த வைரஸ்

பீளமேட்டில் நான் வழக்கமாகப் போகும் பிரவுசிங் சென்டரில் இன்று நடந்தது.

நாளை பள்ளியில் கொடுக்க வேண்டிய அறிவியல் கட்டுரை முழுவதும் ஒரே ஃபிளாப்பியில் இருந்தது. அச்செடுக்கக் கொடுத்தேன்.

கடைக்கார அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டு, "வைரஸ் இருக்குதுங்க அம்மணி. சுத்தம் பண்ண இருபது ரூபாய்ங்க" என்றார்.

"இந்த ஃபிளாப்பியே உங்ககிட்ட வாங்குனதுங்கண்ணா. உங்க கடைக் கம்ப்யூட்டரைத் தவிர வேற எதுலயும் போட்டதில்லீங்க."

அவர் வாசலில் கிடந்த செருப்புகளைக் கவலையோடு பார்த்தார். "எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொல்லித்தானுங்க உள்ள விடறேன்."

"ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடயே வைரஸ் தடுப்பையும் சும்மா குடுத்துட்டா என்னங்கண்ணா?"

"குடுத்தா நான் கடையைச் சாத்திப்போட்டு சொந்த ஊரு வெள்ளகோவிலுக்கே போக வேண்டியதுதானுங்க."

எனக்குப் பின்னால் நின்ற கல்லூரி அக்கா, தன் ஃபிளாப்பியை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

உடனே குரலைத் தாழ்த்தி, "உனக்குச் சும்மாவே சுத்தம் பண்ணிப்போடறேன் கண்ணு. யாருகிட்டயும் சொல்லிப்போடாதே" என்றார்.

கட்டுரை பிழைத்தது. நானும் இதுவரை வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. இந்த இணையக் குழுவில் எழுதத்தான் செய்கிறேன், அதுவும் அவர் கடையிலேயே உட்கார்ந்து.

தடுப்பு கம்ப்யூட்டரோடு இலவசமாக வர வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கட்சி எதுவென்று எழுதுங்கள். கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள். அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். இதற்குத் தடுப்பு எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.